முதலியார்பேட்டை ஜிம்மில் ஒரு ஸ்கீ மெஷின்: ஐந்து மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

கடலூரிலிருந்து வாரம் மூன்று நாள் பஸ் ஏறி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் எல்லாம் தாண்டி, அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில் நிற்க வேண்டிய நேரம் நின்று, முதலியார்பேட்டையில் இருக்கும் ஒரு ஜிம்முக்குப் போய் வருகிறேன். கடலூரில் ஜிம்மே இல்லையா என்று வீட்டிலும் கேட்டார்கள், ஸ்கூலில் கூட வேலை பார்க்கிற டீச்சர்களும் கேட்டார்கள். இருக்கிறது. ஆனால் நான் போவது அங்கே மூலையில் நிற்கும் ஸ்கீ எர்க் என்ற ஒரே ஒரு மெஷினுக்காக. குறைகளும் சொல்லப்போவதால் ஜிம்மின் பெயரைப் போடவில்லை, நடத்துகிற தம்பிகள் நல்லவர்கள், அவர்களிடம் நேரில் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய ஏழடி உயரத்தில் ஒரு கம்பம், அதன் தலையில் கூண்டுக்குள் ஒரு காற்றாடிச் சக்கரம், மேலேயிருந்து தொங்கும் இரண்டு கயிறு, முனையில் கைப்பிடிகள். நின்றபடியே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, கீழே இழுத்து, மறுபடி மேலே விட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பனியில் சறுக்குகிறவர்கள் இரண்டு கோலையும் ஒரே நேரத்தில் ஊன்றி உடம்பை முன்னால் தள்ளுவார்களே, டபுள் போலிங் என்பார்கள், அந்த அசைவை அப்படியே தருவதற்காகச் செய்தது. மோட்டார் கிடையாது, நீங்கள் எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவுதான் திரும்பக் கிடைக்கும். ஓட்டமும் உடற்பயிற்சி நிலையங்களும் மாறி மாறி வரும் ஹைராக்ஸ் போட்டியில் முதல் நிலையமே இதில் 1000 மீட்டர் என்பதால் இப்போது நம் ஊர் ஜிம்களிலும் வாங்கி வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்கு ஹைராக்ஸில் ஆர்வம் இல்லை. எனக்குக் காரணம் ஷார்லட் கல்லா.

2018 பிப்ரவரியில் முழங்காலில் லிகமென்ட் கிழிந்து ஆறு வாரம் கட்டிலோடு கிடந்தேன். பி.டி. டீச்சருக்கு அதைவிடக் கொடுமை இல்லை. அந்த நேரத்தில்தான் தென்கொரியாவில் பியாங்சாங் குளிர்கால ஒலிம்பிக்ஸ் தொடங்கியது, அந்த ஒலிம்பிக்ஸின் முதல் தங்கமே பெண்கள் ஸ்கீயத்லான், அதாவது பாதித் தூரம் ஒரு முறையிலும் மீதி இன்னொரு முறையிலும் பனியில் சறுக்கிப் போகும் ரேஸ், வென்றவர் ஸ்வீடனின் கல்லா. நார்வேயின் மாரிட் பியோர்கன் அன்றைக்கு இரண்டாவதாக வந்து, குளிர்கால ஒலிம்பிக்ஸில் அதிகப் பதக்கம் வாங்கிய பெண் என்று வரலாறு படைத்தார், அப்படிப்பட்டவரைக் கடைசி ஏற்றத்தில் விட்டுவிட்டுத் தனியாகப் போனவர் கல்லா. போனில் அதைப் பார்த்த பிறகு பழைய ரேஸ்களைத் தேடித்தேடிப் பார்க்க ஆரம்பித்தேன், கால் சரியான பிறகும் நிறுத்தவில்லை.

அவர் பிறந்தது 1987இல், ஊர் தேரென்டோ, ஸ்வீடனின் வடகோடியில் ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே உள்ள சின்ன கிராமம். அந்தப் பக்கத்தில் ஒரு நதி தன் தண்ணீரைப் பிரித்து இன்னொரு நதிக்கு அனுப்புகிறது, அந்தக் கிளைக்கு ஊரின் பெயர்தான். கெடிலத்துக்கும் தென்பெண்ணைக்கும் நடுவில் வளர்ந்த எனக்கு வரைபடத்தில் அதைப் பார்த்ததும் ஏனோ அந்த ஊர்மீது ஒட்டுதல் வந்துவிட்டது. கல்லா என்றால் நமக்குக் கடையின் பணப்பெட்டி, ஸ்வீடிஷ் மொழியில் அந்த ஒலிக்குக் குளிர்ந்த என்று பொருள்.

இருபது வயதில், 2007-08 சீசனில், டூர் டி ஸ்கீ என்ற பல நாள் போட்டியை வென்றார். அதன் கடைசி நாள் இத்தாலியில் ஆல்பே செர்மிஸ் என்ற மலைமேல் ஏறி முடியும், இறங்குவதற்காகப் போட்ட சறுக்குப் பாதையில் ஏற வேண்டும், நடந்து ஏறவே மூச்சு முட்டும் சரிவு. முன்னால் போன ஃபின்லாந்தின் விர்பி குய்ட்டுனெனை அந்த ஏற்றத்தில்தான் பிடித்து முந்தினார். 2010 வான்கூவரில் 10 கி.மீ. ஃப்ரீஸ்டைலில் தங்கம், 1968க்குப் பிறகு கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கில் ஸ்வீடன் பெண் ஒருவர் வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. 2015இல் சொந்த நாட்டில், ஃபாலுனில் நடந்த உலகப் போட்டியில் அதே தூரத்தில் இரண்டாவது வந்தவரை 40 விநாடிக்கு மேல் பின்னால் விட்டு ஜெயித்தார். 2022இல் ஓய்வு பெற்றபோது ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், ஆறு வெள்ளி. ஒரு வெண்கலம்கூட இல்லை, மேடை ஏறினால் முதலிடம் அல்லது இரண்டாமிடம்.

ஆனால் என்னை முதலியார்பேட்டைக்கு பஸ் ஏற வைத்தது இதெல்லாம் இல்லை, 2014 பிப்ரவரி 15, சோச்சி, பெண்கள் ரிலே. நான்கு பேர், ஆளுக்கு 5 கி.மீ. முதல் இருவர் கிளாசிக் முறை, வெட்டிவைத்த தடத்தில் கால் நேராகப் போக வேண்டும், அடுத்த இருவர் ஃப்ரீஸ்டைல், ஸ்கேட்டிங் மாதிரி பக்கவாட்டில் தள்ளிப் போகலாம். இடா இங்கெமார்ஸ்டாட்டர், எம்மா விகேன், அன்னா ஹாக் மூவரும் முடித்து கல்லாவை அனுப்பும்போது ஸ்வீடன் 25.7 விநாடி பின்னால் இருந்தது. முன்னால் ஃபின்லாந்தும் ஜெர்மனியும். அவர்கள் இருவர், மாறி மாறி ஒருவர் நிழலில் ஒருவர் போகலாம், கல்லா தனி ஆள், முகத்தில் அறைகிற காற்று முழுக்க அவருக்குத்தான். எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை, பார்க்கும்போதெல்லாம் நான் கவனிப்பது ஒன்றுதான், எங்கேயும் அவர் பதறவில்லை. முதல் ஏற்றத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிப் பிடித்துவிட வேண்டும் என்று ஓடவில்லை, இடைவெளியை நூல் நூலாகச் சுருட்டினார், ஸ்டேடியத்துக்குள் நுழையும்போதும் முதலில் இல்லை, கடைசி நேர்ப்பாதையில் வெளியே வந்து இருவரையும் தாண்டினார். ஃபின்லாந்து அரை விநாடி பின்னால், ஜெர்மனி ஒரு விநாடிக்குள். நான்கு பேரும் சேர்ந்து 53 நிமிடம் ஓடிய ரேஸ் அது. ஸ்வீடன் பெண்கள் ஒலிம்பிக் ரிலேயை அதற்கு முன் ஜெயித்தது 1960இல்.

சரி, மெஷினுக்கு வருகிறேன்.

முதல் நாள் ட்ரெய்னர் தம்பி, "அக்கா, சும்மா கையை மேல தூக்கி இழுங்க, கலோரி நல்லா எரியும்" என்று சொல்லி, பக்கத்தில் இருக்கும் டாம்பர் லீவரைப் பத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பெரும்பாலான ஜிம்களில் இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன், இதுதான் இந்த மெஷினைக் கெடுக்கிற விஷயமும். அந்த லீவர் எடை கூட்டுவதற்கானது இல்லை. சக்கரத்துக்குள் எவ்வளவு காற்று புகலாம் என்பதை மட்டும் அது மாற்றும். பத்தில் வைத்தால் ஒவ்வொரு இழுப்பும் சேற்றில் இழுப்பதுபோல் மெதுவாக, கனமாக இருக்கும், தோள்பட்டை இரண்டு நிமிடத்தில் கழன்றுவிடும். மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் வைத்தால்தான் பனியில் கோல் ஊன்றி விடுபடும் அந்தச் சடக்கென்ற வேகம் கிடைக்கிறது. நான் நான்கில் வைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் கை. எங்கள் வீடு தேவனாம்பட்டினம், அப்பா கரைவலை இழுத்தவர். சின்ன வயதில் நானும் தம்பியும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கையை மடக்கி மடக்கி இழுப்போம், "கையில இழுக்காத பாப்பா, உடம்ப சாய்ச்சு வுடு, உடம்பு இழுக்கும்" என்பார். கல்லா டபுள் போலிங் போடும் இடங்களை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தபோது அதேதான் தெரிந்தது. கை மேலே போகும்போது உடம்பு குதிகாலைத் தூக்கி முன்னால் நிமிர்கிறது, பிறகு வயிற்றை இறுக்கி இடுப்பிலிருந்து அப்படியே விழுகிறார், முழங்கை கொஞ்சம் மடங்கியபடி பூட்டுப் போட்ட மாதிரி நிற்கிறது, உடம்பின் கனம்தான் கோல்மேல் இறங்குகிறது, கை நீள்வது கடைசியில்தான். கயிறு அங்கே கடலிலிருந்து வருகிறது, இங்கே மேலேயிருந்து வருகிறது, மற்றபடி வேலை ஒன்றுதான். இதைப் புரிந்துகொண்ட நாளில் என் நேரம் ஒரே வாரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் குறைந்தது. முதுகின் பக்கவாட்டுத் தசையும் வயிறும் மறுநாள் வலித்தால் சரியாகச் செய்கிறீர்கள், மேல்கை மட்டும் வலித்தால் தவறாகச் செய்கிறீர்கள்.

திரையில் நான் பார்ப்பது இரண்டே எண்கள், 500 மீட்டருக்கு எவ்வளவு நேரம் என்பதும் வாட்டும். முதல் முறை 5 கி.மீ. 29 நிமிடம், சராசரி 66 வாட். இப்போது 24 நிமிடம் 40 விநாடி, 108 வாட். நேரம் ஏழில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் குறைந்திருக்கிறது, சக்தி மட்டும் அறுபது சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது, இது எப்படி என்று குழம்பி ஸ்கூல் ஃபிசிக்ஸ் டீச்சரிடம் கேட்டேன். காற்றை எதிர்த்துச் சுற்றும் எதற்கும் வேகம் இரட்டிப்பாக வேண்டுமானால் சக்தி எட்டு மடங்காக வேண்டும் என்று விளக்கினார். அதன் பிறகு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். 5 கி.மீ.யில் 25.7 விநாடி என்றால் 500 மீட்டருக்கு இரண்டரை விநாடிதான். என் வேகத்தில் அதற்கு ஆறு வாட் போதும். ஆறு வாட் என்பது ராத்திரி எரிகிற சின்ன எல்.இ.டி. பல்பு. அதை இருபத்து நான்கு நிமிடம் விடாமல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், எனக்கு மூன்றாவது கிலோமீட்டரில் அது அணைந்துவிடுகிறது. முதல் கிலோமீட்டரில் ஆசைப்பட்டுப் பத்து வாட் கூட்டினால் கடைசியில் இருபது போய்விடுகிறது. கல்லா ஏன் முதல் ஏற்றத்தில் பாயவில்லை என்று வீடியோவில் நூறு தடவை பார்த்ததைவிட இந்தத் திரையில்தான் எனக்குப் புரிந்தது.

மெஷினின் எல்லையையும் சொல்ல வேண்டும். இது ஸ்கேட்டிங்கைத் தராது. கல்லா அன்று அந்த இடைவெளியை அடைத்ததில் பெரும்பங்கு கால்களுடையது, பக்கவாட்டில் பனியைத் தள்ளும் தொடையும் இடுப்பும், அது இதில் இல்லை. ஏற்றம் இல்லை, இறக்கத்தில் ஓய்வும் இல்லை. இது நெருங்கி வருவது வாசாலோப்பெட் மாதிரி நீண்ட ரேஸுக்கு, ஸ்வீடனில் சேலனிலிருந்து மோரா வரை 90 கி.மீ., அங்கே முன்வரிசையில் வருகிறவர்கள் இப்போது முழுத் தூரத்தையும் டபுள் போலிங்கிலேயே போய்விடுகிறார்கள். ஆனால் என்னைப்போல் முழங்கால் அடிபட்டவர்களுக்கு இதைவிட நல்ல மூச்சுப் பயிற்சி நான் பார்த்ததில்லை. காலில் அடி விழுவதே இல்லை, ட்ரெட்மில்லில் பத்து நிமிடம் ஓடினால் வீங்கும் முட்டி, இதில் அரை மணி நின்றாலும் அமைதியாக இருக்கிறது. தோள் மூட்டில் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

ஜிம்மைப் பற்றி. மெஷினைக் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில், ஏ.சி. காற்று எட்டாத மூலையில் வைத்திருக்கிறார்கள். மே மாதம் அங்கே நின்று 5 கி.மீ. இழுத்தால் தரையில் குளம் கட்டும், ரப்பர் மேட் கேட்டு மூன்று மாதம் கழித்துப் போட்டார்கள். கைப்பிடிப் பட்டை ஒன்று நைந்துபோய் இன்னும் மாற்றவில்லை. கடல் பக்கத்து ஊர், உப்புக்காற்று, அடித்தட்டின் போல்ட்டுகளில் துரு ஏறுகிறது, கயிறு என்பதால் இழுக்கிற பாகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, சங்கிலி போட்ட துடுப்பு மெஷின் பக்கத்திலேயே கரகரக்கிறது. சக்கரக் கூண்டில் தூசி அடைந்தால் காற்று குறைந்து இழுப்பு லேசாகிவிடும், மாதம் ஒருமுறை துடைக்கச் சொல்லி இப்போது செய்கிறார்கள். பெண்களுக்குத் தனி நேரம் காலை பத்திலிருந்து பன்னிரண்டு, வேலைக்குப் போகிறவர்கள் யார் அந்த நேரத்துக்கு வர முடியும்? பொது நேரத்தில் போனாலும் எனக்கு இதுவரை ஒரு தொந்தரவும் வந்ததில்லை, அதற்காக அந்தத் தம்பிகளுக்கு நன்றி. லீவர் விஷயத்தைச் சொன்னதும் அந்த ட்ரெய்னர் கோபப்படவில்லை, உட்கார்ந்து கேட்டார், இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு அவரே நான்கில் வைத்துக் கொடுக்கிறார்.

ஐந்துக்கு நான்கு தருவேன், ஒன்றைக் குறைப்பது மெஷினுக்காக இல்லை, அதை வைத்திருக்கும் மூலைக்காக. சேர நினைக்கிறவர்கள் ஒரு மாதம் மட்டும் கட்டிப் பாருங்கள், முதல் வாரம் 500 மீட்டராக நான்கு தடவை, நடுவில் நன்றாக ஓய்வு, அதற்குமேல் வேண்டாம். இன்னொன்று, திரை பேட்டரியில் ஓடுவது, போன மாதம் ஒரு வாரம் முழுக்கச் செத்துக் கிடந்து யாரும் மாற்றவில்லை, எண் தெரியாமல் இழுத்தால் எவ்வளவு பின்னால் இருக்கிறோம் என்றே தெரியாது. அதனால் இப்போதெல்லாம் பையில் டி சைஸ் பேட்டரி இரண்டு எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.