மல்லிக்கு மருந்து: நாமளே அடிக்கிறதா, ஆள் விடுறதா, வேப்பங்கொட்டையா? பிள்ளைங்க பக்கம் இருந்து ஒரு அலசல்

திருமங்கலத்துக்கு அங்கிட்டு எங்க அண்ணனுக்கு அரை ஏக்கர் மல்லிகைப்பூத் தோட்டம் இருக்கு. மதினி இப்ப மாசமா இருக்காங்க, வீட்ல அஞ்சு வயசுப் பய ஒருத்தன் வேற, மொட்டுப்புழு வந்தா என்ன பண்றதுன்னு போன வாரம் பெரிய பஞ்சாயத்து. விளைச்சல், செலவு எல்லாம் பேசத்தான் ஊரே இருக்கே, நான் பிள்ளைங்களுக்கு எது தேவலைன்னு மட்டும் பாக்குறேன்.

குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் மாதிரி மருந்தெல்லாம் புழுவோட நரம்பைத்தான் அடிக்குது, நரம்பு சிக்னலை நிறுத்துற என்சைமை முடக்கிருது, அந்த என்சைம் நமக்கும் இருக்கு. கலிபோர்னியாவுல சலினாஸ் பள்ளத்தாக்குன்னு காய்கறி விளையுற ஏரியா, அங்க பெரும்பாலும் பண்ணை வேலை பாக்குற குடும்பத்துக் கர்ப்பிணிகளை 1999-ல இருந்து சேத்து அவங்க பிள்ளைங்களை வருசக்கணக்கா தொடர்ந்து பாத்தாங்க. அம்மா உடம்புல இந்த வகை மருந்தோட மிச்சம் கூடுதலா இருந்த பிள்ளைங்களுக்கு அஞ்சு வயசுல கவனம் நிக்கிறதுல சிக்கல் அதிகமா தெரிஞ்சது, ஏழு வயசுல ஐக்யூ குறைவாவும் இருந்தது. இதுல முக்கியமான சங்கதி, ஐக்யூ விசயத்துல பிள்ளை பிறந்த பிறகு பட்டதை விட வயித்துல இருக்கும்போது பட்டதுதான் கணக்குல நின்னுச்சு.

மெக்சிகோவுல யாக்கி பள்ளத்தாக்கு ஆய்வு (1998) இன்னும் நம்ம ஊர்க் கதை மாதிரி இருக்கும். ஒரே இனத்து மக்கள், கீழ மருந்தடிக்கிற வயக்காடு, மேல மலையடிவாரத்துல மருந்தில்லாம ஆடு மாடு. நாலஞ்சு வயசுப் பிள்ளைங்ககிட்ட ஒரு ஆளை வரையச் சொன்னா மலைப் பிள்ளைங்க கை கால் கண்ணோட வரைஞ்சிருக்கு, கீழ உள்ள நிறைய பிள்ளைங்க வெறும் கிறுக்கல்தான். போற வர்றப்ப தம்பி தங்கச்சிய அடிக்கிறது, சின்னதா ஒண்ணு சொன்னாக் கோவம், இதையும் எழுதி வச்சிருக்காங்க. அதுக்காக சேட்டை பண்ற பயலை எல்லாம் மருந்து தலையில கட்டிரக் கூடாது, எங்க வீட்டுப் பயலுக்குப் பாதி சேட்டை செல்போன்ல இருந்து வருது.

சரி, அண்ணனே அடிக்கிறது. அவருக்குத்தான் முதல் பாதிப்பு, அப்புறம் அந்தச் சட்டையோட வீட்டுக்கு வந்து பயலைத் தூக்குறாரு, டேங்க்கைக் கட்டிலுக்கு அடியில வைக்கிறாரு (மதினி திட்டி இப்ப மோட்டார் ரூமுக்குப் போயிருச்சு). வெளிய குளிச்சுட்டு உள்ள வரணும், சட்டையைத் தனியாத் துவைக்கணும், இவ்வளவு பண்ணுனா வீட்டுக்கு வர்றதாவது குறையும்.

ஆள் விட்டு பவர் ஸ்பிரேயர்ல அடிக்கிறது, இல்ல ட்ரோன். எல்லாரும் இதுதான் சேப்டின்னு நினைக்கிறாங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன், ஆனா மல்லி நெல்லு மாதிரி கிடையாது, தினம் விடியக்காலைல மொட்டு எடுத்தாகணும், இல்லேன்னா விரிஞ்சு போயிரும். நேத்து யாரு அடிச்சிருந்தா என்ன, இன்னைக்கு அந்தச் செடிக்குள்ள வெறுங்கையை விடுறது மதினிதான, மடியில மொட்டு, விரல்ல பிசுக்கு. ட்ரோன் அண்ணனைக் காப்பாத்தும், வயித்துப் பிள்ளையைக் காப்பாத்தாது. மூணுலயும் இதுக்குத்தான் நான் கம்மி மார்க் போடுவேன், காசும் போகுது, பத்திரமா இருக்கோம்னு ஒரு நினைப்பும் வந்துருது.

வேப்பங்கொட்டைக் கரைசல்தான் என் ஓட்டு. அரை ஏக்கருக்கு அஞ்சு கிலோ பருப்பை இடிச்சு ராத்திரி ஊறவச்சு, துணியில வடிகட்டி, கொஞ்சம் சோப்பு சேத்து நூறு லிட்டராக்கி சாயங்காலம் அடிக்கணும், வெயில் பட்டா சத்துப் போயிரும். வேலை ஜாஸ்தி, நாத்தம், புழு உடனே விழாது, அண்ணன் மறுநாளே போய்ப் பாத்துட்டு "ஒண்ணும் சாகலடா"ன்னு கத்துவாரு. ஆனா கை படுற இடத்துல இருக்குறது வேப்பெண்ணைக் கசப்பு, நரம்பை முடக்குற சரக்கு இல்ல. முன்னாடியே தொடங்கணும், புழு மொட்டுக்குள்ள புகுந்த பிறகு அடிச்சா ஒண்ணும் நடக்காது. மழைக்கு அப்புறம் கைமீறிப் போனா டப்பாவுல பச்சை முக்கோணம் (விசம் குறைவுன்னு அர்த்தம்) போட்ட மருந்தாப் பாத்துக் கேளுங்க, விசம் கூடுன சிவப்பு மஞ்சளைத் தொடாதீங்க. குளோர்பைரிபாஸை ஐரோப்பாவுல 2020-லயே நிறுத்திட்டாங்க, பிள்ளைங்க மூளை வளர்ச்சியும் அதுக்கு ஒரு காரணம்.

அண்ணன் பாதிக்குத்தான் இறங்கி வந்தாரு. வேப்பங்கொட்டையும் அடிப்பாராம், கடைக்காரர் குடுத்த மஞ்சள் முக்கோண டப்பாவும் கைவசம் இருக்குமாம், அது அடிக்கிற வாரத்துக்கு மட்டும் மதினி தோட்டத்துப் பக்கம் வரவேணாம், பூவெடுக்கக் கூலிக்கு ஆள் போட்டுக்கலாம்னாரு. நல்லதுதான்னு நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன். நேத்து மதினி போன் பண்ணுச்சு, எடுக்க வந்த பொண்ணு நாலு மாசமாம்.