ஃபேன் இல்லாத வீட்டுக்கு இன்வெர்ட்டர்: நீலகிரியில் ஐந்து வருடப் பயன்பாடு

இன்வெர்ட்டர் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். மூன்று ஃபேன், நான்கு லைட், ஒரு டிவி என்றால் 900 வி.ஏ. இன்வெர்ட்டர், 150 ஏ.எச். பேட்டரி, மூன்று மணி நேரம் தாங்கும். வி.ஏ. என்பது இன்வெர்ட்டர் ஒரே நேரத்தில் தரும் திறன், ஏ.எச். என்பது பேட்டரியின் கொள்ளளவு. ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் அதே அட்டவணைதான் தொங்குகிறது. இங்கே எந்த வீட்டில் ஃபேன் சுற்றுகிறது?

சமவெளிக் கணக்கு மலையில் மூன்று இடத்தில் உதைக்கிறது: லோடு, கரண்ட் போகும் விதம், குளிர். கோத்தகிரி பக்கம் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் ஐந்து வருடமாக ஓடும் 900 வி.ஏ. சைன் வேவ் (ஈ.பி. கரண்ட் போலவே சீரான அலை தரும்) இன்வெர்ட்டர், 150 ஏ.எச். டால் டியூபுலர் (ஆசிட் ஊற்றிய லெட்) பேட்டரி, பிறகு சேர்ந்த 100 ஏ.எச். லித்தியம் பேட்டரி, இவற்றை வைத்துத்தான் கீழே உள்ளதெல்லாம். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. இந்த அளவில் எல்லாருடையதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

முதலில் லோடு. மலை வீட்டில் கரண்ட் போனால் தேவைப்படுவது 9 வாட் எல்.இ.டி. பல்பு நான்கு, 12 வாட் வைஃபை ரவுட்டர், சராசரி 30 வாட் இழுக்கும் ஒரு லேப்டாப். மொத்தம் 80 வாட் கூட இல்லை. ஆனால் இன்வெர்ட்டர் தான் விழித்திருப்பதற்கே 15 முதல் 25 வாட் தின்னும். 300 வாட் லோடு உள்ள வீட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி எல்லாரும் தூங்கி, ரவுட்டர் மட்டும் ஓடும்போது, 12 வாட் சாமானுக்காக பேட்டரியிலிருந்து 34 வாட் போகிறது. பிள்ளைக்கு ஒரு இட்லி, தூக்கிவந்தவருக்கு இரண்டு.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 12 வோல்ட், 150 ஏ.எச். என்றால் காகிதத்தில் 1,800 வாட் ஹவர். அந்த எண் 27 டிகிரி வெப்பநிலைக்கு எழுதியது. அறை 10 டிகிரியில் இருந்தால் 10 முதல் 15 சதவீதம் குறையும். பேட்டரி ஆயுளுக்காக 70 சதவீதத்துக்கு மேல் இறக்கக்கூடாது. மிஞ்சுவது ஏறக்குறைய 1,100 வாட் ஹவர். ரவுட்டரை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் 32 மணி நேரம். அதே பேட்டரியிலிருந்து நேராக டி.சி. எடுத்து ஓட்டினால் 80 மணி நேரத்துக்கு மேல்.

நேராக எடுப்பது கஷ்டமில்லை, ஆனால் ஒயரை அப்படியே சொருகிவிடக் கூடாது. சார்ஜ் ஆகும்போது பேட்டரி 14.4 வோல்ட் வரை ஏறும், தீரும் நேரத்தில் 11-க்கு இறங்கும். ரவுட்டர் கேட்பது 12. நடுவில் 12 வோல்ட்டை நிலையாகத் தரும் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர் ஒன்று வேண்டும். பேட்டரி பாசிட்டிவ் டெர்மினலில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 3 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஃபியூஸ் இல்லாத ஒயர் எலி கடித்து ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியருக்கு மேல் பாய்ந்து ஒயரே தீக்கம்பியாகிவிடும். ரவுட்டரில் சொருகும் பின்னுக்குப் பெரும்பாலும் நடுவில்தான் பாசிட்டிவ். அடாப்டர் மேல் அச்சடித்த படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இத்தனை வேலை வேண்டாம் என்பவர்களுக்கு ரவுட்டருக்கென்றே வரும் சின்ன டி.சி. யூ.பி.எஸ். இருக்கிறது. நான்கு மணி நேரம் ஓட்டும். மலைக்கு அது போதாது.

ஏன் போதாது என்றால், இங்கே கரண்ட் போகும் விதமே வேறு. 1932-லேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்த மலை இது. எடுக்கிற இடத்தில் குறையில்லை, வீட்டுக்கு வருகிற கம்பிக்கு மேலேதான் பிரச்சினை: சீகை மரம், கற்பூர மரம், சில்வர் ஓக். ஆடி மாதக் காற்றில் சரிவில் ஒரு மரம் சாய்ந்தால், அதை வெட்டி அகற்றி, கம்பத்தை நிமிர்த்தி, கம்பி இழுக்கும்வரை கரண்ட் வராது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை கொட்டியதே, அந்த மாதிரி நாட்களில் மணிக்கணக்கு நாள் கணக்காகும். ஊட்டி, கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பார்த்துக்கொள்ள வேண்டும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் கண்டம்.

நீண்ட கரண்ட் கட்டை விட மோசமானது, நடுவில் நாலு மணி நேரம் வந்துவிட்டு மறுபடி போவது. 80 சதவீதம் தீர்ந்த 150 ஏ.எச். பேட்டரியில் 120 ஏ.எச். திரும்ப ஏற வேண்டும். இந்த இன்வெர்ட்டரின் சார்ஜர் தருவது 12 ஆம்பியர். கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும் என்பதால் 12 முதல் 14 மணி நேரம் பிடிக்கும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் பேட்டரி ஒரு நாளும் முழுதாக நிறைவதில்லை. அரைகுறை சார்ஜில் கிடக்கும் லெட் பேட்டரியின் தட்டுகளில் சல்பேட் கெட்டியாகப் படியும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கரையாது. சமவெளியில் பேட்டரி வெப்பத்தில் சாகிறது என்றால் மலையில் பட்டினியில் சாகிறது.

குளிர் அந்தப் பட்டினியைக் கூட்டுகிறது. வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜிங் வோல்டேஜ் 18 மில்லிவோல்ட் கூட வேண்டும். 25 டிகிரிக்கு 14.4 வோல்ட் என்று வைத்தது, 8 டிகிரி அறையில் 14.7 இருந்தால்தான் அதே அளவு நிறையும். வெப்பநிலை சென்சார் உள்ள இன்வெர்ட்டர் இதைத் தானே செய்துகொள்ளும். விலை குறைந்தவற்றில் அது இருப்பதில்லை. குறைந்தபட்சம் பின்பக்கம் உள்ள பேட்டரி வகை ஸ்விட்ச் ‘டியூபுலர்’ பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டிவிட்டுப் போகிறவர்கள் அதைப் பல வீடுகளில் ‘எஸ்.எம்.எஃப்.’ (தண்ணீர் விடத் தேவையில்லாத சீல் பேட்டரி) பக்கமே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பக்கம் வோல்டேஜ் இன்னும் குறைவு.

நிறைந்ததா இல்லையா என்று இன்வெர்ட்டர் முகப்பில் எரியும் பச்சை விளக்கை நம்பிப் பிரயோஜனமில்லை. ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆறு செல்லிலும் கிராவிட்டி, அதாவது ஆசிடின் அடர்த்தி, பார்ப்பதுதான் வழி. கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு, ரப்பர் குமிழை அழுத்தி ஆசிடை உறிஞ்சி, மிதவை குழாய்ச் சுவரில் ஒட்டாமல் நேராக நிற்கும்வரை பொறுத்து, கண் மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். டியூபுலருக்கு முழுச் சார்ஜ் என்பது பெரும்பாலும் 1.240, பேட்டரி மேல் எழுதியிருக்கும். அந்த எண்ணும் 27 டிகிரிக்குத்தான். ஆசிட் 10 டிகிரியில் இருந்தால் படித்த எண்ணிலிருந்து 0.012 கழிக்க வேண்டும். மிதவை 1.240 காட்டுகிறது என்று சந்தோஷப்பட்டால் உண்மையில் 1.228. ஐந்து செல் ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் 0.030-க்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்த செல் போய்க்கொண்டிருக்கிறது. வாரண்டி முடிவதற்குள் பேசிவிடுங்கள்.

மலைக்கு ஒரு சலுகையும் உண்டு. குளிரில் தண்ணீர் வற்றுவது மெதுவாக நடக்கும். கீழே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் விட வேண்டுமானால், இங்கே ஆறு மாதம் கூடத் தாங்குகிறது. அதனாலேயே மறந்தும் போகிறது. ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் உப்பும் இரும்பும் உண்டு, ஆர்.ஓ. தண்ணீரும் ஆகாது. கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

இன்னொன்று, குளிருக்காக ஜன்னலை அடைத்து, அதே அறையில் கரிக் கணப்பு வைக்கும் வீடுகள். சார்ஜ் ஆகும் டியூபுலர் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். கரிப்புகையே ஆளைக் கொல்லும் என்பது தனிக் கதை. பேட்டரியும் கணப்பும் ஒரே அறையில் வேண்டவே வேண்டாம்.

சாயங்கால வோல்டேஜ் விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் ஆறரை மணிக்கு எல்லாரும் கெய்சர் போட்டதும் 230 இருக்க வேண்டியது 170-க்கு இறங்கும். இன்வெர்ட்டரில் ‘யூ.பி.எஸ்.’ மோட் வைத்திருந்தால் அது 180-க்குக் கீழே வந்ததை ‘கரண்ட் இல்லை’ என்று எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு மாறிவிடும். உள்ளே ரிலே ‘டக்’ என்று அடிக்கும், பத்து நொடியில் திரும்ப ‘டக்’. தெருவில் கரண்ட் இருக்க, உங்கள் பேட்டரி மட்டும் தினமும் இரண்டு மணி நேரம் வீணாகத் தீரும். ‘நார்மல்’ மோடுக்கு மாற்றுங்கள், பல மாடல்களில் 100 வோல்ட் வரை இறங்கினாலும் ஈ.பி. லைனிலேயே ஓடும். லேப்டாப், ரவுட்டர் அடாப்டர்களில் 100–240 என்று எழுதியிருக்கும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. மேசைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும், மாறும் அந்த நொடிப்பொழுதில் அது அணைந்துபோகலாம்.

கெய்சர், ரூம் ஹீட்டர், கெட்டில் எதையும் இன்வெர்ட்டர் லைனில் போடாதீர்கள். 60 முதல் 100 வாட் மின்சாரக் கம்பளி மட்டும் தாராளமாக ஓடும், சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால்.

இப்போது லித்தியம். வீட்டு உபயோகத்துக்கு எல்.எஃப்.பி. என்னும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தான். 12.8 வோல்ட், 100 ஏ.எச். என்றால் 1,280 வாட் ஹவர். 90 சதவீதம் வரை எடுக்கலாம். அதாவது 150 ஏ.எச். டியூபுலர் மலையில் தருவதற்குச் சமம். அரைகுறை சார்ஜில் கிடந்தாலும் கெடாது என்பதால் மேலே சொன்ன பட்டினிச் சாவு இதற்கு இல்லை. எடை 10, 12 கிலோ. டியூபுலர் ஆசிடோடு 50 கிலோவைத் தாண்டும், சாய்க்கவும் கூடாது. ரோட்டிலிருந்து எண்பது படி இறங்கினால்தான் வீடு என்கிற ஊரில் இந்த ஒரு காரணமே போதும்.

பலவீனமும் குளிரில்தான் இருக்கிறது. செல் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். வீட்டுக்குள் வைத்திருந்தால் கவலையில்லை. தலைக்குந்தா, காந்தல் மாதிரி உறைபனி விழும் இடங்களில் வெளித் தகர ஷெட், மோட்டார் ரூம், மீட்டர் வராண்டாவில் வைப்பவர்கள்தான் மாட்டுவார்கள், அதுவும் தை மாத விடியற்காலையில். பேட்டரிக்குள் இருந்து செல்களைக் காக்கும் பி.எம்.எஸ். போர்டில் குளிர் சார்ஜ் தடுப்பு இருக்க வேண்டும். வாங்கும் முன் கேளுங்கள். விலை குறைந்த பேக்குகள் சிலவற்றில் இருக்காது.

பி.எம்.எஸ். ஆப் பற்றியும் சொல்ல வேண்டும். புளூடூத்தில் இணைந்து செல் வோல்டேஜ், வெப்பநிலை, சதவீதம் காட்டும். ஆண்ட்ராய்டு 11 வரை உள்ள போனில் லொகேஷன் அனுமதி கேட்கும். வேவு பார்ப்பதற்காக இல்லை, புளூடூத் தேடலுக்கே அந்த அனுமதி வேண்டும் என்பது அன்றைய விதி. 12-லிருந்து ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்ற தனி அனுமதி வந்துவிட்டது, அதற்கு மேலும் லொகேஷன் கேட்டால் கொடுக்காதீர்கள். பாஸ்வேர்ட் பல ஆப்பில் 1234 அல்லது ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் அதே ஆப்பை இறக்கி உங்கள் பேட்டரியை அணைத்துவிட முடியும். முதல் நாளே மாற்றுங்கள். சதவீதத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். எல்.எஃப்.பி. வோல்டேஜ் 13.2 பக்கமே நெடுநேரம் நிற்கும், ஆப் உள்ளே போன கரண்ட்டையும் வெளியே போனதையும் கூட்டிக் கழித்துத்தான் சொல்கிறது. மாதம் ஒருமுறை முழுதாக ஏற்றினால் கணக்கு நேராகும். பழைய இன்வெர்ட்டர் காட்டும் பேட்டரிக் கோடுகள் இதற்குச் சுத்தமாக உதவாது. முழுக்கோடு காட்டிக்கொண்டே இருந்துவிட்டு இருபது சதவீதத்துக்குக் கீழே திடீரென்று படுத்துவிடும். இன்வெர்ட்டரில் லித்தியம் செட்டிங் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம். 14.6 வோல்ட்டைத் தாண்டினால் பி.எம்.எஸ். இணைப்பை அறுத்துவிடும், இன்வெர்ட்டர் ‘பேட்டரி இல்லை’ என்று கத்தும்.

விலை நம் கையில் இல்லை. இந்த செல்களில் மிகப் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. பேட்டரி ஏற்றுமதி செய்பவர்களுக்குத் திருப்பித் தந்த வரியை அவர்கள் 2024 டிசம்பரில் 13 சதவீதத்திலிருந்து 9 ஆகக் குறைத்தார்கள். இங்கே 2025 செப்டம்பர் 22 முதல் லெட் பேட்டரிக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆகிவிட்டது. லித்தியத்துக்கு முன்பே 18 என்பதால் அதற்கிருந்த வரிச் சலுகை மறைந்தது.

ரவுட்டர் ஓடினால் நெட் வரும் என்று நினைக்கவும் முடியாது. ஃபைபர் ஜிபான் முறையில் வந்தால், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவில் கரண்ட் தேவைப்படும் எதுவும் இல்லை. ஃபைபரைப் பிரிக்கும் பெட்டி வெறும் கண்ணாடி. ஆனால் சில லோக்கல் கேபிள்காரர்கள் கம்பத்தில் ஸ்விட்ச் பெட்டி வைத்து அங்கிருந்து லேன் ஒயர் இழுக்கிறார்கள். அந்தப் பெட்டியின் கரண்ட் போனால் உங்கள் இன்வெர்ட்டர் என்ன செய்யும்? மேலும் அந்தச் செம்பு ஒயர் சித்திரை இடியில் மின்னலை நேராக வீட்டுக்குள் கொண்டுவரும். இணைப்பு எடுக்கும் முன் இதைக் கேளுங்கள். ஃபைபர் உள்ளவர்கள் ரவுட்டரின் செட்டிங் திரையில் ‘ஆர்.எக்ஸ். பவர்’ (வந்து சேரும் ஒளியின் அளவு, டி.பி.எம்.-இல்) பாருங்கள், மைனஸ் 27-க்கும் கீழே போனால் எங்கோ ஈரம் இறங்கியிருக்கிறது, அல்லது குரங்கு தொங்கி மடங்கியிருக்கிறது.

பேட்டரியைக் கோவையில் வாங்கினால் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் வாரண்டியில் ஆள் மலைக்கு வருவாரா, இல்லை நீங்கள் இறக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதை பில் போடும் முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய டியூபுலருக்குத் தரும் எக்ஸ்சேஞ்ச் விலையும் ஆசிடோடு, முழு எடைக்குத்தான். அந்த எண்பது படியை அது ஏறியாக வேண்டும்.