பழைய பில்லருக்கு ஒரு முழு உடல் பரிசோதனை

பெசன்ட் நகர் கடற்காற்றில் 38 வருஷம் நின்ற கட்டடம் எங்களுடையது. கீழே கார் நிறுத்தம், மேலே 3 மாடி. பில்லர் வெடித்த இடத்தில் சிமெண்டு பூசி வெள்ளையடிப்பதுதான் இதுவரை நாங்கள் பார்த்த வைத்தியம். இந்த முறை கட்டட உறுதிச் சோதனைக்கு ஆள் கூப்பிட்டோம்.

வந்த பெண் பொறியாளர் சுத்தியலால் தட்டியே பொள்ளல் எங்கே என்று சொல்லிவிட்டார். உடைத்த இடத்தில் ஃபீனால்ஃப்தலீன் என்ற, காரத்தன்மை இருந்தால் நிறம் மாறும் ரசாயனத்தைத் தெளித்தார். நல்ல கான்கிரீட் ரோஸ் நிறமாகும். எங்களுடையது கம்பி வரைக்கும் நிறமே மாறவில்லை; கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் கம்பியின் தடிமனை அளக்கக் காலிப்பரை வைத்தார். நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் 6 மி.மீ. ரிங் கம்பி 4 மி.மீ. ஆகியிருந்தது. அதாவது குறுக்குப் பரப்பில் பாதிக்கு மேல் காலி.

"சார், எடையைத் தாங்கிவிடும். பக்கவாட்டில் ஆடினால் பில்லரைப் பிடித்து வைப்பது இந்த ரிங்தான்" என்றார். 2001 பூஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் விழுந்தவற்றில் பல, இப்படிக் கீழ்த்தளம் திறந்திருந்த அடுக்குமாடிகள்தாம். சென்னையை 2002-இல்தான் நிலநடுக்க மண்டலம் 3-இல் சேர்த்தார்கள். எங்கள் கட்டடத்தின் வரைபடம் அதற்கெல்லாம் முந்தியது.

குறையும் உண்டு. அறிக்கை வர 5 வாரம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்பதால் ஏச்செல்லாம் எனக்குத்தான். எந்தப் பில்லரை முதலில் எடுப்பது என்று போன் போட்டுக் கேட்ட பிறகே சொன்னார்கள். வந்த பொறியாளருக்கு 5 நட்சத்திரம், அவர் ஆபீசுக்கு 3. இப்போது இரண்டு பில்லருக்கு முட்டு கொடுத்திருக்கிறோம், கார்கள் தெருவில் நிற்கின்றன.