மாண்டிசோரி பட்டயமா, பொது ஆசிரியர் பயிற்சியா?

மழலையர் வகுப்புக்கோ தொடக்க வகுப்புகளுக்கோ ஆசிரியராக விரும்புவோர் பெரும்பாலும் மாண்டிசோரி பட்டயம், பொது ஆசிரியர் பயிற்சி ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நான் பொதுப் பயிற்சி பெற்று வகுப்பறைக்கு வந்தவள். மாண்டிசோரி பயிற்சியை உடன் பணியாற்றிய ஆசிரியைகள் வழியாகவே அறிவேன் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. கட்டணமும் கால அளவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபவை, விசாரித்துக்கொள்ளலாம்.

1907-இல் ரோம் நகரில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த அந்தப் பயிற்சியின் வலிமை அதன் துல்லியம். 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரையான பத்துக் கனசதுரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வந்து கோபுரம் அடுக்குவதையும், உப்புத்தாள் எழுத்தைச் சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் தடவிக் காட்டுவதையும் பயிற்சி பெறுபவர் ஆல்பம் எனப்படும் தம் பாடக் குறிப்பேட்டில் படிப்படியாக எழுதி, செய்தும் பழக வேண்டும். குழந்தையைக் குறுக்கிடாமல் கவனித்துக் குறிப்பெடுப்பதில் அவர்கள் எங்களைவிடத் தேர்ந்தவர்கள்.

ஆயினும் என் முடிவைத் தீர்மானித்தது வயது வரம்பு. மாண்டிசோரி பட்டயங்கள் பிறப்பு முதல் 3, 3 முதல் 6, 6 முதல் 12 வயது எனப் பிரிந்திருப்பதால், ஒன்றை முடித்தவர் அடுத்த பிரிவுக்குப் போக மீண்டும் பயில வேண்டும். பொதுப் பயிற்சியிலும் பிரிவுகள் உண்டு என்றாலும், மழலையரையும் தொடக்க வகுப்புகளையும் சேர்த்துப் பயிற்றுவிக்கும் படிப்பைத் தேடிச் சேர முடிகிறது.

இதன் பயன் வேலைவாய்ப்போடு முடிவதில்லை. 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பாருங்கள்: 2-இலிருந்து 7 போகாது என்று கண்டதும் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறான். கடன் வாங்கும் முறையை எத்தனை முறை திருப்பிச் சொன்னாலும் இது தீராது; 42 என்பது நான்கு பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் என்பது அவனுக்குள் இன்னும் பதியவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகளோடு அமர்ந்து குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டியும் அவிழ்த்தும் பழகிய ஆசிரியர், தவறு எங்கே வேர்விட்டது என்று சட்டெனக் கண்டு, பத்துக் குச்சிகள் கொண்ட கட்டு ஒன்றை அவன் கையாலேயே அவிழ்க்க வைப்பார். ஒற்றையாகவும் பத்துப் பத்தாகக் கோத்தும் எண்ணப் பயன்படும் மாண்டிசோரியின் பொன்மணிகள் இதே கருத்தை அழகாகப் புகட்டுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் 3 முதல் 6 வரை மட்டும் பயின்றவர், அந்தத் தவறு வெளிப்படும் எட்டு வயதில் அப்பிள்ளையைச் சந்திப்பதே இல்லை.

பொதுப் பயிற்சியின் குறையையும் சொல்ல வேண்டும்: குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர்கள் பியாஜேயையும் வைகாட்ஸ்கியையும் தேர்வுக்கு மனப்பாடம் செய்வதில் காட்டும் அக்கறையைக் குழந்தையை உற்றுக் கவனிக்கப் பழக்குவதில் பல நிறுவனங்கள் காட்டுவதில்லை. 6 முதல் 12 வயதுக்கான மாண்டிசோரி பயிற்சி பெற்ற எவரோடும் நான் பணியாற்றியதில்லை. அதைப் பற்றிய என் கணிப்பை யாரும் பொருட்படுத்த வேண்டாம்.

மாண்டிசோரி பள்ளியில்தான் வேலை என்று உறுதியாகிவிட்டவருக்கு அந்தப் பட்டயமே பொருத்தம். மற்றவர்கள் பொதுப் பயிற்சியில் சேருமுன், கற்பித்தல் பயிற்சிக்கு மழலையர் வகுப்பு, தொடக்க வகுப்பு இரண்டுக்கும் அனுப்புவார்களா, வழிகாட்டி ஆசிரியர் வகுப்பில் உடனிருந்து பார்ப்பாரா என்று முன்னாள் மாணவர்களிடம் கேட்டறிந்த பிறகே கட்டணம் செலுத்துங்கள்.