எலும்பு கூட எது நல்லது: சொந்த எலும்பா, பிஎம்பி-2-ஆ, பிடிஜிஎஃப்-ஆ?

முறிந்த எலும்பு பெரும்பாலும் தானாகவே கூடிவிடும். கூடாமல் முரண்டு பிடிக்கும்போதும், இரண்டு எலும்புகளை வேண்டுமென்றே ஒட்டவைக்கும்போதும்தான் இந்தக் கேள்வியே வருகிறது.

பழைய வழி, நோயாளியின் இடுப்பெலும்பு விளிம்பில் கொஞ்சம் சுரண்டி எடுத்து இடைவெளியில் அடைப்பது. உயிருள்ள செல்கள், அவை பற்றி ஏறச் சாரம், வளர்ச்சிப் புரதங்கள் எல்லாம் ஒன்றாகவே வந்துவிடும். எடுத்த இடம் வலிக்கும், சிலருக்கு மாதக்கணக்கில். கிடைப்பதும் கொஞ்சம்தான்.

பிஎம்பி-2 வேறு ரகம், எலும்பை வளரத் தூண்டும் புரதம். 1965-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், தாது நீக்கிய எலும்புத் துண்டை முயலின் தசைக்குள் வைத்தார். தசைக்குள்ளேயே புது எலும்பு வளர்ந்தது! துண்டிலிருந்த புரதங்கள் செய்த வேலை அது; அவற்றில் ஒன்றுதான் பிஎம்பி-2. பிஎம்பி-2 செல்லின் ஏற்பியில் ஒட்டியதும் ஸ்மாட் புரதங்கள் உட்கருவுக்குச் சேதி கொண்டுபோகும். ரன்க்ஸ்2 மரபணு விழிக்கும். இன்னதாக ஆவதென்று முடிவாகாத செல் எலும்பு கட்டும் செல்லாகிவிடும்.

சிக்கல் அளவில்தான். உடல் இதை மைக்ரோகிராம் கணக்கில் வைத்திருக்கிறது; மிஞ்சினால் பிடித்து நிறுத்த நாகின் என்ற புரதமும் உண்டு. அறுவை அறையிலோ மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் கரைசலில் கொலாஜன் பஞ்சை நனைத்து, நாரில் புரதம் பிடிக்கக் கால் மணி நேரம் காத்திருந்து வைக்கிறார்கள். பஞ்சைத் தாண்டிக் கசிந்தால் வேண்டாத இடத்தில் எலும்பு வளரும், வீக்கம் வரும். அமெரிக்காவில் 2002-இல் கீழ்முதுகு எலும்புகளை ஒட்ட இதற்கு அனுமதி கிடைத்தது. கழுத்தில் பயன்படுத்தியபோது தொண்டை வீங்கி மூச்சுத் திணறியதால் 2008-இல் எச்சரிக்கை வந்தது. கர்ப்பிணிகளுக்கும் புற்றுக்கட்டி உள்ளவர்களுக்கும் கூடவே கூடாது.

பிடிஜிஎஃப் ரத்தத் தட்டணுக்களிலிருந்து வெளிவரும் வளர்ச்சிப் புரதம். இது செல்லை மாற்றாது. ஆள் திரட்டும், பெருக்கும், ரத்தக்குழாய் முளைக்க உதவும். தசைக்குள் வைத்தால் எலும்பு வளராது. பல்லைத் தாங்கும் எலும்புக்கு 2005-இல் அனுமதி; கணுக்கால் ஒட்டுக்கு 2015-இல். கணுக்கால் சோதனையில் சொந்த எலும்புக்குக் குறையாமல் ஒட்டியது, இடுப்பைச் சுரண்டாமலே.

சரி, எதை எடுப்பது? கணுக்கால் என்றால் பிடிஜிஎஃப். மற்றபடி இடுப்பில் எலும்பு இருக்கும்வரை எனக்கு அதுதான் முதலில். அது தீர்ந்துபோன கீழ்முதுகுக்கு பிஎம்பி-2, அதுவும் பஞ்சை அழுத்திப் பிழியாத கையாக இருந்தால்.