சிப்பிப்பாறை நாய்க்கு ஆறு வருடமாகப் பிடித்த கயிறுகள்: எது நின்றது, எது விட்டது

என் நாய் செவலை கையை விட்டுப் போனது 2019 மாசி மாதம், பொழுது விடிந்த கையோடு. கோவில்பட்டிக்குத் தெற்கே, நான்குவழிச் சாலையை ஒட்டிய கரிசல் காட்டில் நடந்துகொண்டிருந்தோம். உளுந்து எடுத்த வெற்று நிலம். வரப்புக்கு அந்தப் பக்கம் முயல் ஒன்று எழுந்தது. எனக்குக் கண்ணில் படும் முன்பே அவன் பார்த்துவிட்டான். கையில் ஒரே இழுப்பு, ‘டப்’ என்று சத்தம். ஒன்றரை மீட்டர் நைலான் பட்டை மட்டும் என் கையில் தொங்கியது. அவன் சாலையைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். லாரிக்காரர் ஒருவர் பிரேக் அடித்த சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. முக்கால் மணி நேரம் கழித்து, சீமைக்கருவேல முள் கிழித்த தொடையோடு திரும்பி வந்தான்.

பட்டை அறவில்லை. தையலும் விடவில்லை. நுனியில் இருந்த கொக்கிதான் இரண்டாக முறிந்திருந்தது. கடையில் வாங்கும்போது பித்தளை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். முறிந்த வாயில் மஞ்சளே இல்லை. சாம்பல் நிறத்தில், பொரபொரவென்று இருந்தது. துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, மேலே மஞ்சள் முலாம் போட்ட சரக்கு. அது வளைந்து எச்சரிக்காது, நேராக முறியும்.

அன்றிலிருந்து இன்று வரை வாங்கியும் செய்தும் பார்த்ததை எழுதுகிறேன். சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் போன்ற வேட்டை நாய் இனங்களை வைத்திருப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். முயல் வேட்டைக்கு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று தடை இருக்கிறது. மயிலைத் துரத்தினாலும் குற்றம்தான். ஆனால் சட்டம் வந்ததால் நாயின் கண்ணும் காலும் மாறிவிடவில்லை. மோப்பத்தை விடப் பார்வையை நம்பி ஓடும் நாய் இது. அசைவது கண்ணில் பட்டால் அடுத்த நொடி வேகம் எடுத்துவிடும். அவனைக் காப்பதும், காட்டில் இருப்பதை அவனிடமிருந்து காப்பதும் நம் கையில் இருக்கும் கயிறுதான்.

முதலில் எவ்வளவு இழுப்பு வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். செவலையின் எடை 22 கிலோ. தளர்ந்து கிடக்கும் கயிற்றின் நீளத்துக்குள்ளேயே அவன் நொடிக்கு 5 மீட்டர் வேகம் எடுத்துவிடுவான் என்று வையுங்கள். அந்த ஓட்டத்தைக் கயிறு 20 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் ஏறத்தாழ 140 கிலோ இழுப்பு. துளியும் நெகிழாமல் 10 சென்டிமீட்டரில் நிறுத்தினால் 280 கிலோ. இது ஒரு கணம்தான், ஆனால் கொக்கிக்கு அந்த ஒரு கணம் போதும். கயிறு நீளமாக இருந்தால் அவனுக்கு ஓடி வேகம் எடுக்க இடம் கிடைக்கிறது என்பதும் இதில் புரிந்தது. அதனால் சாலையோர நடைக்கு நான் 1.2 மீட்டருக்கு மேல் பிடிப்பதில்லை. பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்கும் டப்பாக் கயிறு இந்த நாய்களுக்கு வேண்டவே வேண்டாம். ஐந்து மீட்டர் ஓடவிட்டு, மெல்லிய நூலில் வெடுக்கென்று நிறுத்துகிறது. இரண்டே நாளில் தூக்கிப் போட்டேன்.

கொக்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து நாய் கைவிட்டுப் போன கதைகளில் பெரும்பாலும் கொக்கியோ வளையமோதான் காரணம். காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை, பித்தளைதான் என்று நம்பிவிடுகிறோம். முலாம் பூசிய இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுக்கும், ஆனால் துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது. நான் இப்போது கடைக்குச் சின்ன அரம் ஒன்றைக் கொண்டுபோகிறேன். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, கண்ணுக்குப் படாத மூலையில் ஒரே ஒரு இழு. உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை. வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான். கையில் தூக்கினாலும் பழகியவர்களுக்குத் தெரியும், ஒரே அளவில் பித்தளை கனமாக இருக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியும் நல்லதுதான்.

கொக்கியின் அடியில் சுழலும் கழுத்து இருக்கிறதே, தேய்வது முதலில் அங்கேதான். அதற்குள் கரிசல் மண் புகுந்து, எண்ணெயோடு சேர்ந்து அரைக்கும் மாவுபோல் ஆகிவிடுகிறது. மாதம் ஒருமுறை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். விரலால் ஆட்டிப் பார்த்து, வாங்கிய நாளை விட அதிகமாக ஆடினால் மாற்றிவிடுகிறேன். ஆறு வருடத்தில் இரண்டு பித்தளைக் கொக்கிகள் இப்படி ஓய்வு பெற்றன, ஒன்றும் முறியவில்லை.

இப்போது கையில் இருக்கும் தோல் வாருக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் முறிந்த கொக்கியைக் காட்டி, நல்ல வார் ஒன்று செய்ய முடியுமா அண்ணாச்சி என்று கேட்டேன். அவர் என் நைலான் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, எல்லாரும் தோலைத்தான் பாக்காங்க. நீங்க தையலைப் பாருங்க. தோலு அறாது, தையல் வாய்தான் விடும்” என்றார். மாட்டு வண்டிக்கு வார் தைத்த கை அவருடையது. திண்டுக்கல்லிலிருந்து எருமைத் தோல் வரவழைத்தார். குரோம் போட்டுப் பதனிட்டதை வேண்டாம் என்றார். வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் தெரியும்: குரோம் தோல் உள்ளே நீலச் சாம்பலாக இருக்கும், மரப்பட்டை போட்டுப் பதனிட்டது உள்ளும் புறமும் ஒரே பழுப்பு. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய முறை. குரோம் தோல் மெத்தென்று இருக்கும், நனைந்தாலும் தாங்கும், ஆனால் ரப்பர் போல நீண்டுகொண்டே போகும் என்பது அவர் அனுபவம்.

வயிற்றுப் பக்கத் தோலைத் தொடவில்லை. அது தளர்ந்தது. முதுகெலும்பை ஒட்டி நீளவாக்கில் வெட்டினார்: 18 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் கனம். ஓரங்களைச் சீவி உருட்டி, தண்ணீர் தொட்டு வழவழப்பான கட்டையால் தேய்த்தபோது அது மெருகேறிய மரம்போல ஆனது. கையை அறுக்காமல் இருப்பது இந்த ஒரு வேலையால்தான். கைப்பிடியையும் கொக்கி முனையையும் 10 சென்டிமீட்டர் மடித்து, தேன்மெழுகு பூசிய பாலியஸ்டர் நூலில், இரண்டு ஊசி போட்டுத் தைத்தார். ஒரே நூலின் இரு முனையும் ஒரே துளை வழியே எதிரெதிராகப் போகும். எங்காவது ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் இறுகியே நிற்கும். மெஷின் தையல் அப்படியில்லை, ஓர் இடத்தில் அறுந்தால் இழுக்க இழுக்கப் பிரிந்துகொண்டு வரும். நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று நினைத்து நான் கேட்டபோது, தபால்தலை ஓரம்போல் கிழிந்துவிடும் என்று மறுத்துவிட்டார். அங்குலத்துக்கு ஆறு தையல்தான். ரிவிட் அடிக்கவும் விடவில்லை. இவ்வளவு குறுகிய வாரில் துளை போட்டால் அந்த இடத்தில் தோல் குறைந்து பலம் போய்விடும்.

கொக்கி உட்பட எனக்கு ஆன செலவு 850 ரூபாய். அந்த வருடம் மட்டும் அதற்கு முன் மூன்று கடைப் பட்டைகள் வாங்கியிருந்தேன். வார் முதல் இரண்டு மாதம் விறைப்பாக இருந்தது, பிறகு கைக்குப் படிந்துவிட்டது. மூன்றாம் வருடம் கொக்கி முனையில் தையலைப் பிரித்து, தேய்ந்த இரண்டு சென்டிமீட்டரை வெட்டிவிட்டு, மறுபடி தைத்துக் கொடுத்தார். தோல் வாரின் பெரிய வசதி இதுதான், அதைப் பழுது பார்க்கலாம்.

அதற்கு எதிரி ஐப்பசி, கார்த்திகை அடைமழை. நனைந்த வாரை வெயிலிலோ அடுப்பருகிலோ போட்டால் வெடிக்கும். துணியால் துடைத்து நிழலில் தொங்கவிட வேண்டும். பூஞ்சை பூத்தால் உலர்ந்த துணியால் துடைத்தெடுத்துக் காற்றாட வைப்பேன். விளக்கெண்ணெயைக் கையில் தேய்த்து, அந்தக் கையால் வாரை உருவுவது வருடத்துக்கு மூன்று முறை. அதற்கு மேல் எண்ணெய் குடித்தால் தொய்ந்துவிடும். எண்ணெய் மணத்துக்கு நாயும் எலியும் வரும், ஆளுயர ஆணியில் மாட்டுங்கள்.

மழைக்காலத்துக்காகவே கயிறு தேடினேன். உரக்கடையில் கிடைக்கும் நீல, மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு தண்ணீர் குடிக்காது. ஆனால் ஒரு கோடை வெயிலில் தூள் உதிர ஆரம்பித்துவிட்டது, உள்ளங்கையையும் அறுத்தது. பருத்திக் கயிறு கைக்கு மிக இதம். மாட்டுக்குத் தும்பு கட்டிப் பழகியவர்களுக்கு அதுவே பிடிக்கும். நனைந்தால் காயாமல் உள்ளுக்குள் இற்றுப்போகிறது, வெளியே தெரிவதும் இல்லை. ஒரு மழைக்காலம் போனதும் முறுக்கைப் பிரித்துப் பார்த்தேன், நடு இழைகள் கறுத்துக் கிடந்தன. கடைசியில் தூத்துக்குடியில் படகுச் சாமான் விற்கும் கடையில் மூன்று புரி பாலியஸ்டர் கயிறு, 12 மில்லிமீட்டர், வாங்கினேன். வெயிலையும் உப்பையும் தாங்கப் படகுக்காரர்கள் நம்புவது இது. புதிதாக இருக்கும்போது இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும். நாய்க்கு அவ்வளவு வேண்டாம்தான், கைப்பிடிக்கு அந்தத் தடிமன் வசதி.

அங்கே முடிச்சுப் போட்டே எடுத்து வந்திருப்பேன். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் நன்றாகக் குறையும் என்று சொல்லி, புரிகளைப் பிரித்து, கொக்கியைச் சுற்றிக் கொண்டுவந்து, கயிற்றின் உடலுக்குள்ளேயே மாற்றி மாற்றிக் கோக்கும் முறையைக் கடையில் இருந்த மீனவர் ஒருவர் காட்டித் தந்தார். தேங்காய் நார், பருத்தி என்றால் மூன்று சுற்றுக் கோத்தால் போதும். வழுக்கும் செயற்கை நூலுக்கு ஐந்து. நான்காவது முயற்சியில்தான் எனக்குச் சரியாக வந்தது. நாலு வருடம் ஆகிறது, அசையவில்லை.

இரும்புச் சங்கிலியைக் கட்டிப்போடும் இடத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன், நாய் கடிக்க முடியாது என்பதற்காக. நடைக்கு அது ஆகாது. கையில் துளியும் நெகிழ்வு இல்லை, கோடையில் சுடுகிறது, கழுத்து மயிரைத் தேய்த்துவிடுகிறது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசிய பிறகு, குட்டி கேட்டு எங்கள் பக்கம் நிறைய இளைஞர்கள் வந்தார்கள். குட்டிக்காகப் பல ஆயிரம் கொடுத்துவிட்டு, அரை அங்குலக் கழுத்துப் பட்டையும் சங்கிலியும் மாட்டிக் கூட்டிப்போவதைப் பார்க்க எனக்கு மனசு வலிக்கும்.

ஏனென்றால் இந்த நாய்களின் கழுத்து வேறு மாதிரி. நீண்டது, தோல் மெலிது, மயிர் குறைவு. தலை கழுத்தை விட ஒடுக்கம், அதனால் சாதாரணப் பட்டையைப் பின்பக்கம் ஓர் அடி எடுத்துவைத்தே கழற்றிவிடும். இறுக்கிக் கட்டினால் தொண்டை புண்ணாகும். நான் தைத்து வைத்திருப்பது 5 சென்டிமீட்டர் அகலப் பட்டை. உள்ளே பருத்தித் துணி, இரண்டு முனையிலும் வளையம், அவற்றுக்குள் ஓடும் சின்னக் கண்ணி ஒன்று. நாய் இழுத்தால் அளவோடு இறுகும், விட்டால் தளரும். முழுதும் இறுகியபோதும் இரண்டு வளையங்களும் முட்டிக்கொள்ளக் கூடாது, கழுத்தை நெரிக்கவும் கூடாது. இந்த அளவைச் சரியாக வைப்பதற்கு எனக்கு மூன்று பட்டை வீணானது.

திறந்த காட்டில் பத்து மீட்டர் நீளக் கயிறு விடும்போது கழுத்தில் மாட்டவே மாட்டேன். நெஞ்சுப் பட்டையின் முதுகு வளையத்தில்தான். அதற்கு பிவிசி பூசிய பாலியஸ்டர் பட்டை வைத்திருக்கிறேன். நெருஞ்சி முள் ஒட்டாது, சேறு கழுவினால் போய்விடும். கையுறை இல்லாமல் பிடித்து ஒருமுறை உள்ளங்கை உரிந்தது, அதிலிருந்து கையுறையோடுதான். நடுவில் ரப்பர் வைத்த பட்டையும் வாங்கிப் பார்த்தேன். இழுப்பை அழகாக வாங்கியது, ஆனால் சித்திரை வெயில் முடிவதற்குள் ரப்பர் செத்துவிட்டது.

சாலை ஓரம் போகும்போது இன்னொரு பழக்கமும் உண்டு. முக்கியக் கொக்கி கழுத்துப் பட்டையில், மெல்லிய துணைக் கயிறு ஒன்று நெஞ்சுப் பட்டையில். எது விட்டாலும் மற்றது நிற்கும்.

செவலைக்கு இப்போது வயது ஏழு. போன வாரம் அதே உளுந்துக் காட்டில் மயில் ஒன்று தாழப் பறந்தது. அவன் பாய்ந்தான், வார் இறுகியது, தையல் வாயில் ஒரு சின்ன முனகல் கேட்டது. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தேன், கைப்பிடிப் பக்கம் மூன்றாவது தையல் தேய்ந்திருக்கிறது. அண்ணாச்சிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தால் தைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும்.