சேர்ந்து படிக்க வாட்ஸ்அப் குழுவா, கூகுள் மீட்டா?

பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இது.

செலவு: வாட்ஸ்அப்புக்குக் கொஞ்சம் டேட்டா போதும். மீட்டில் வீடியோ டேட்டாவைத் தின்னும். இலவசக் கணக்கில் 3 பேர் சேர்ந்தாலே 60 நிமிடம்தான்.

நேரம்: வாட்ஸ்அப்பில் இரவு போட்ட சந்தேகத்துக்குக் காலையில் பதில் வரும். மீட்டுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும்.

ஆர்வம்: இங்கேதான் பெரிய வித்தியாசம். குழுவில் நாலு பேர் பேசுவார்கள். மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். மீட்டில் ஒரு மாணவி நோட்டைக் கேமரா முன் தூக்கிப் பிடித்து, தொகையீட்டுக் கணக்கில் தான் விட்ட மைனஸ் குறியைக் காட்டினாள். அதுவரை வாயே திறக்காத மூன்று பேர், "மிஸ், எனக்கும் அதேதான்!" என்றார்கள்.

தானாகவே படிக்கிற பிள்ளைக்கு வாட்ஸ்அப் போதும். கூச்சப்படும் பிள்ளைக்கு வாரம் 2 நாள், ஐந்து பேருக்கு மிகாமல், மீட்தான்.